வியன்னாவின் நடன இரவுகளுக்குக் குழுவாகப் போவது எப்படி?

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைச் சுற்றிப் பார்க்க எத்தனையோ வழிகாட்டிகள் உண்டு. அங்கே குளிர்காலத்தில் நடக்கும் ‘பால்’ எனப்படும் சம்பிரதாய நடன இரவுகளுக்கு, பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து போய் ஆடிவிட்டு வர என்ன செய்யவேண்டும் என்று தேடினால்தான் திண்டாட்டம். தகவல் பாதி ஜெர்மன் மொழியில் இருக்கிறது. மீதியைச் சொல்லும் முகவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சென்னையில் வால்ட்ஸ், சா-சா-சா போன்ற மேற்கத்திய ஜோடி நடன வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் கூட்டம் இதில் நிறைய அலைந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். விமானச் சீட்டிலிருந்து தொடங்காதீர்கள். எந்த இரவு, எத்தனை நுழைவுச்சீட்டு, எத்தனை மேசை இடம் என்பது கைக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம். சாதாரணச் சுற்றுலாவுக்குப் போடும் வரிசையை இதற்குப் போட்டால், ஊருக்குப் போய்ச் சேர்ந்து வாசலில் நிற்கவேண்டியதுதான்.

1. எந்த இரவு என்று முடிவு செய்யுங்கள்

வியன்னாவின் நடனப் பருவம் நம்மூர் மார்கழிக் கச்சேரி சீசன் மாதிரி. ஒரே ஊரில், ஒரே சமயத்தில், ஏகப்பட்ட அரங்குகள். சம்பிரதாயமாக நவம்பர் 11ஆம் தேதி தொடங்கும். ஆனால் உண்மையான கூட்டம் ஜனவரியில் ஆரம்பித்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாளோடு முடிந்துவிடும். ஒரு பருவத்தில் 400க்கும் மேற்பட்ட நடன இரவுகள் நடக்கின்றன. மருத்துவர்களுக்கு ஒன்று, வழக்கறிஞர்களுக்கு ஒன்று, காபிக்கடைக்காரர்களுக்கு ஒன்று, மிட்டாய் கேக் செய்கிறவர்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு ஒன்று என்று தொழில்வாரியாகப் பெயர் இருக்கும். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் வாங்கிய யாரும் போகலாம்.

ஈஸ்டரை ஒட்டியே எல்லாம் நகர்வதால் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. 2028இல் அது மார்ச் 1. அதாவது 2027 பருவம் குறுகியது. எல்லா நிகழ்ச்சியும் ஜனவரியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு வரும், நல்ல அறைகளும் சீக்கிரம் போய்விடும். அவசரமில்லாத குழு என்றால் 2028க்குத் திட்டமிடுவதே வசதி.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது அரசு ஓப்பரா மாளிகையில் நடக்கும் ஓப்பரா பால். சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை அது. ஆட விரும்பும் குழுவுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நுழைவுச்சீட்டு மட்டுமே 400 யூரோவை ஒட்டி இருக்கிறது, உட்கார இடத்துக்குத் தனிக்காசு, ஆண்கள் டெயில்கோட் (பின்பக்கம் வால்போல் நீண்ட கோட்டு) போட்டே ஆகவேண்டும், உள்ளே 5,000க்கும் மேற்பட்டோர். தரையில் சுழல இடம் கிடைப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். பிரபலங்களை வேடிக்கை பார்க்க அது நல்ல இடம், வால்ட்ஸ் ஆட அல்ல.

ஹோஃப்பூர்க் அரண்மனையில் நடப்பவை ஆடுவதற்குச் சிறந்தவை. அடுத்தடுத்துப் பல கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இசைக்குழு. ஒன்றில் வால்ட்ஸ் என்றால் அடுத்ததில் ஸ்விங், இன்னொன்றில் டிஸ்கோ. காபிக்கடைக்காரர்களின் ‘காஃபேசீடர்பால்’ இங்கேதான். அழகும் கூட்டமும் அதற்குத்தான் அதிகம், டிக்கெட்டும் வேகமாகத் தீரும். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இரவு, மருத்துவர்களின் இரவு ஆகியவையும் இதே அரண்மனையில். பருவத்தின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை எல்மாயர் நடனப் பள்ளியின் இரவு இங்கே நடக்கும்.

முதல்முறை போகும் குழுவுக்கு என் தேர்வு, நகர மண்டபமான ராட்ஹவுஸில் ஜனவரியில் நடக்கும் ‘அறிவியல் பால்’. 2015இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூட்டம் என்பதால் வெளிநாட்டு முகங்கள் நிறைய, ஆங்கிலம் தாராளமாகச் செல்லும், விலையும் பெரிய இரவுகளைவிடக் குறைவு. தோட்டக்காரர்களின் ‘மலர் பால்’ நடப்பதும் ராட்ஹவுஸில்தான். மண்டபம் முழுக்கப் பூ அலங்காரம், படம் எடுக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

மியூசிக்ஃபெரைன் அரங்கில் நடக்கும் ஃபில்ஹார்மோனிக் பால் இசைப் பிரியர்களுக்கானது, விலை அதிகம். வேட்டைக்காரர்களின் ‘யேகர்பால்’ திங்கட்கிழமை வரும். அதற்கு ஆல்ப்ஸ் பகுதியின் நாட்டுப்புற உடைதான் விதி, நம் கவுனும் சூட்டும் அங்கே எடுபடாது. குளிரே வேண்டாம் என்பவர்களுக்குக் கோடையில் ஒரு வழி இருக்கிறது. பத்திரிகையாளர் சங்கமான கொன்கோர்டியா நடத்தும் இரவு ராட்ஹவுஸில் கோடைக்காலத்தில் நடப்பது. கம்பளிக் கோட்டு, பூட்ஸ் செலவெல்லாம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. பருவத்தில் ஹோஃப்பூர்க்கில் ‘அகடெமிக்கர்பால்’ என்று ஒன்று நடக்கும். பெயரைப் பார்த்தால் கல்வியாளர்கள் விழா போலத் தோன்றும். நடத்துவது தீவிர வலதுசாரிக் கட்சியான எஃப்பிஓவின் வியன்னா கிளை. ஒவ்வோர் ஆண்டும் எதிர்த்து ஊர்வலம் நடக்கும், போலீஸ் நகர மையத்தில் தெருக்களை மறித்துவிடும். அதற்கு டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். அன்று மாலை வேறு நிகழ்ச்சிக்குப் போவதாக இருந்தாலும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போய் ஒரே இரவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு பெரியது, ஒரு சின்னது என்று இரண்டு போதும். மூன்றாவது இரவில் கால் ஒத்துழைக்காது.

2. தலையை எண்ணுங்கள், பணத்தை வாங்குங்கள்

குழு சேரும்போது “நானும் வருகிறேன்” என்று சொல்பவர்கள் அனைவரும் வரமாட்டார்கள். இது தெரிந்ததுதான். ஆனால் இங்கே ஒருவர் விலகினால் ஒரு ஜோடி உடைகிறது, ஒரு நாற்காலி காலியாகிறது, அந்தக் காசு திரும்பாது. ஆகவே பேச்சை நம்பாமல் முன்பணத்தை நம்புங்கள். நுழைவுச்சீட்டும் மேசை இடமும் சேர்ந்த முழுத்தொகையைத் திருப்பித் தரமாட்டோம் என்ற நிபந்தனையோடு முதலிலேயே வாங்கிவிடுங்கள். தராதவர் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். சொந்தக்காரரிடம் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருப்பது அவசியமா? கட்டாயமில்லை. ஆனால் பெண்கள் கூடுதலாக இருந்தால் அவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருக்க நேரிடும். அங்கே சில நிகழ்ச்சிகளில் நடனப் பள்ளிகளைச் சேர்ந்த ‘டாக்சி நடனக்காரர்கள்’ இருப்பார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு நம்மோடு ஆடுவார்கள். முழு இரவுக்கும் ஒருவரை முன்பதிவு செய்து, மூன்று நான்கு பெண்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, அங்கே சகஜம்.

செலவு எவ்வளவு என்பதுதான் எல்லோரின் முதல் கேள்வி. சென்னையிலிருந்து ஐந்து இரவுத் தங்கலுக்கு, அறையை இருவர் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்கு இரண்டிலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பரா பால் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. யூரோவை நூறு ரூபாய்க்கு மேலாகவே போட்டுக் கணக்கிடுங்கள். நமக்குக் கிடைக்கும் விலை செய்தித்தாளில் வரும் விலை அல்ல.

3. நுழைவுச்சீட்டு வேறு, நாற்காலி வேறு

புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நுழைவுச்சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம், ஆடலாம். உட்கார முடியாது. உட்கார மேசை இடம் தனியாக வாங்கவேண்டும். இரவு எட்டரையிலிருந்து அதிகாலை நான்கு வரை குதிகால் செருப்பில் நின்றுகொண்டே இருப்பதை நினைத்துப் பாருங்கள். கோட்டு, கைப்பை, மாற்றுச் செருப்பு வைக்கவும், பிரிந்து போனவர்கள் திரும்பி வந்து சேரவும் மேசை ஒன்று வேண்டும்.

ஹோஃப்பூர்க், ராட்ஹவுஸ் இரவுகளில் நுழைவுச்சீட்டு சுமார் 100 முதல் 200 யூரோ வரை, நிகழ்ச்சியைப் பொறுத்து. மேசை இடத்துக்கு ஆளுக்கு மேலும் 50 முதல் 100 யூரோ, நடனக் கூடத்துக்கு அருகே போகப்போக ஏறும். மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு, அடையாள அட்டையோடு வந்தால் கேட்டுப் பாருங்கள். பிரதானக் கூடத்து மேசைகள் ஆண்டுதோறும் வருகிறவர்களுக்கே பெரும்பாலும் போய்விடும். பக்கத்துக் கூடத்து மேசை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சத்தம் குறைவு, பேசவும் முடியும். பத்துப் பேருக்கு ஒரே மேசை இல்லையென்றால் அடுத்தடுத்த இரண்டு கேளுங்கள். இதை இணையப் படிவத்தில் கேட்க முடியாது. நிகழ்ச்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் போதும். நாலு வரியில், பெயர், எண்ணிக்கை, விருப்பமான கூடம். எல்லா இடத்திலிருந்தும் மரியாதையாகப் பதில் வந்தது.

விற்பனை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் சூடுபிடிக்கும். செப்டம்பரிலிருந்தே அந்தந்த நிகழ்ச்சியின் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள்.

பணம் செலுத்துவதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, வரம்பையும் உயர்த்திக்கொள்ளுங்கள். பத்து டிக்கெட்டுக்கான தொகை சாதாரண வரம்பைத் தாண்டிவிடும். இரண்டு, சில அலுவலகங்கள் மேசைக்கு வங்கிப் பரிமாற்றம் கேட்கும். நம் வங்கியின் அனுப்பும் கட்டணம், இடையிலுள்ள வங்கியின் கழிவு எல்லாம் போய்த் தொகை குறைவாகச் சேர்ந்தால் முன்பதிவு உறுதியாகாது. கட்டணம் முழுவதும் அனுப்புபவர் கணக்கில் என்று வங்கியில் குறிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் கார்டில் செலுத்த வழி கேளுங்கள்.

முகவர்கள் ‘நடன இரவுத் தொகுப்பு’ என்று விற்பார்கள். எங்களிடம் ஒருவர் சொன்ன விலையில், டிக்கெட்டுக்கான பங்கு மட்டும் நேரடி விலையைப்போல் இருமடங்குக்கு மேல். நேராக வாங்குங்கள்.

4. விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு உள்ள குழுவினர் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். கலப்புக் குழு என்றால் அவர்களை நிம்மதியாக விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள்.

அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு முன், குறைந்தபட்சம் 15 நாளுக்கு முன் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், அதிகமாகத் தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். ஜனவரிப் பயணத்துக்கு நவம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், தூதரகத்திலும் விடுமுறைகள் வரும். சென்னையில் விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம், முடிவு எடுப்பது தூதரகம். கடவுச்சீட்டு அதுவரை உங்கள் கையில் இருக்காது. இடையில் வேறு வெளிநாட்டு வேலை இருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பாது.

ஒவ்வொருவரும் எடுத்துப்போக வேண்டியவை:

- பயணம் முடிந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்ட, இரண்டு பக்கமாவது காலியாக உள்ள கடவுச்சீட்டு. பழைய கடவுச்சீட்டுகளும்.
- 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம்.
- ஷெங்கன் பகுதி முழுவதுக்கும் செல்லும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. பயண நாட்கள் அனைத்தும் அதற்குள் வரவேண்டும்.
- போகவர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட உறுதி.
- வங்கி முத்திரையோடு கணக்கு விவரம். ஆறு மாதத்துக்கு எடுத்துவைத்தால் மறுபடி அலைய வேண்டாம். வருமான வரிக் கணக்குகள், சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று.
- செலவை வேறொருவர் ஏற்றால் அவருடைய கடிதமும் கணக்கு விவரமும், உறவைக் காட்டும் சான்றும்.
- நடன இரவின் டிக்கெட், மேசை உறுதி மின்னஞ்சல்.

கடைசியில் உள்ளதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பயண நோக்கம் என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. குழுத் தலைவர் ஒரே கடிதம் எழுதி, எல்லோருடைய பெயர், கடவுச்சீட்டு எண், பயணத் தேதி, நிகழ்ச்சி, தங்குமிடம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி ஒவ்வொரு விண்ணப்பத்திலும் வையுங்கள். ஒருவர் தாளில் ஐந்து இரவு, இன்னொருவர் தாளில் ஆறு இரவு என்று இருந்தால் இருவரிடமும் கேள்வி வரும்.

குழுவாகப் போனாலும் ஒவ்வொருவரும் நேரில் போய்க் கைரேகை கொடுக்கவேண்டும். ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்திருந்தால் அது போதுமா என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் போடும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். மாமா அனுப்பிய பணம் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதேபோல, புடாபெஸ்ட், பிராக் என்று சேர்த்தால் அதிக இரவு தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும். ஆஸ்திரியாவில் மூன்று, ஹங்கேரியில் நான்கு என்று போட்டுவிட்டு ஆஸ்திரிய விசாவுக்கு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவார்கள்.

விசா கையில் வரும்வரை திருப்பித் தராத விமானச் சீட்டு வாங்காதீர்கள். குழுவில் ஒருவருக்கு மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நடன டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்றலாமா என்று அலுவலகத்தில் கேட்டு வைத்திருந்தால் சண்டை வராது.

இன்னொன்று. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல்முறை நுழையும்போது வரிசை நீளும். வேறு ஷெங்கன் நாட்டு நகரத்தில் விமானம் மாறுவதாக இருந்தால் அங்கேதான் இந்த வரிசை. ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்ப வேண்டாம், மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

5. உடை

இங்கே விதி என்றால் விதிதான். வாசலில் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள்.

ஆண்களுக்கு: பெரும்பாலான இரவுகளுக்கு டக்சீடோ என்னும் கறுப்பு மாலைநேர சூட்டு போதும். அங்கே அதை ‘ஸ்மோக்கிங்’ என்பார்கள். கறுப்பு வில்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. ‘ஃப்ராக்’ என்று போட்டிருந்தால் டெயில்கோட், அதோடு வெள்ளை வில்டை, வெள்ளை வெய்ஸ்ட்கோட். இரண்டையும் கலந்துவிடாதீர்கள், டெயில்கோட்டுக்குக் கறுப்பு வில்டை கட்டினால் பரிமாறுகிறவர் என்று நினைத்துப் பானம் கேட்பார்கள். கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த சூட்டும் நீள டையும் சில எளிய இரவுகளில் மட்டும் செல்லும். வால்ட்ஸுக்காக ஒருமுறை மட்டும் போடப்போகிறீர்கள் என்றால் வியன்னாவில் வாடகைக்கு எடுங்கள். டெயில்கோட் முழுசெட் 100 யூரோவுக்கு மேல் வரும். உயரம், மார்பு, இடுப்பு, கழுத்து, கை நீளம், ஷூ அளவு எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் முன்னதாக அனுப்பிவையுங்கள். நேரில் போட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒல்லியான நம் பையன்களுக்குத் தோள் தொங்கும், அங்கேயே பிடித்துத் தைத்துத் தருவார்கள், அதற்கு நேரம் வேண்டும். டக்சீடோ என்றால் சென்னையிலேயே தைத்துக்கொள்வது மலிவு, பிறகும் உதவும்.

பெண்களுக்கு: தரையைத் தொடும் நீளத்தில் மாலை உடை. முழங்கால் வரை, கணுக்கால் வரை எல்லாம் கிடையாது. முழு வெள்ளை வேண்டாம், அது தொடக்க நடனம் ஆடும் இளம்பெண்களின் நிறம். அரக்குக் கரை போட்ட வெள்ளைப் பட்டுகூட அந்த இரவில் குழப்பத்தைத் தரும்.

புடவை கட்டலாமா? பல இரவுகளில் தேசிய உடையை ஏற்கிறார்கள். ஆனால் போகும் நிகழ்ச்சிக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். ஆண்களின் பந்த்காலா, ஷெர்வானிக்கும் இதே வழி. வேட்டியையும் கேட்டுப் பார்க்கலாம். புடவையில் அனுமதி பிரச்சினை இல்லை, ஆடுவதுதான் பிரச்சினை. வியன்னா வால்ட்ஸில் ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்ற தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை வரும், அவ்வளவு வேகம். கனத்த காஞ்சிப் பட்டின் கொசுவத்தில் துணைவர் கால் பட்டால் மொத்தமும் அவிழும். மெல்லிய பட்டு அல்லது கிரேப் எடுங்கள். கொசுவத்தை உள்ளே தைத்துவிடுங்கள், ஊசி போதாது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகுங்கள். ஆடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். அதே புடவையில் ஊரிலேயே ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டால் எங்கே இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

செருப்புக்கு வருவோம். மரத்தரையில் ரப்பர் அடி ஒட்டிக்கொள்ளும், முட்டி திருகும். தோல் அடியோ ஸ்வேட் அடியோ உள்ள நடன ஷூ வேண்டும். புதிதாக வாங்கியதை ஒருபோதும் அன்று முதல்முறை போடாதீர்கள். தெருவில் பனியும் உப்பும் கிடக்கும், பூட்ஸில் போய்க் கோட்டு வைக்கும் இடத்தில் மாற்றிக்கொள்வதுதான் அங்கத்தவர் வழக்கமும்.

6. என்ன ஆடத் தெரியவேண்டும்

தொடக்க நிகழ்ச்சி முடிந்ததும் “ஆல்லஸ் வால்ட்சர்” என்று குரல் வரும். அதுவரை தரையில் கால் வைக்கக்கூடாது, அதன்பின் எல்லோரும் இறங்கலாம். அந்த முதல் வால்ட்ஸில் கூட்டம் முண்டியடிக்கும். வலப்பக்கமாகச் சுழலத் தெரிந்தால் போதும். இடப்பக்கச் சுழற்சி தெரிந்தவர்கள் ராஜாதான். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி நகர்வார்கள். அடி தவறினால் நடுவே நிற்காதீர்கள், தொடர்ந்து நகர்ந்து உள்பக்கம் ஒதுங்குங்கள். சென்னை வகுப்புகளில் பெரும்பாலும் மெதுவான வால்ட்ஸ்தான் சொல்லித்தருகிறார்கள். வேகமானதை வேண்டும் என்று கேட்டு மூன்று மாதமாவது பழகுங்கள். ஃபாக்ஸ்ட்ராட், சா-சா-சா, ஜைவ் கொஞ்சம் தெரிந்தால் இரவு முழுக்க வேலை இருக்கும்.

குழுவுக்கு நிஜமான கொண்டாட்டம் நள்ளிரவு குவாட்ரில். யோஹான் ஸ்ட்ராஸின் இசைக்கு ஜோடிகள் எதிரெதிர் வரிசையாக நிற்க, ஒருவர் மேடையிலிருந்து பிரெஞ்சுச் சொற்களில் கட்டளை சொல்வார். ஆறு பகுதி, போகப்போக வேகம் கூடும், கடைசியில் எல்லோரும் கைகோத்து ஓடுவார்கள். பாதிப் பேருக்கு அடி தெரியாது, அதுதான் வேடிக்கை. நம் குழு அடுத்தடுத்து நிற்கும்படி ஐந்து நிமிடம் முன்னதாகவே வரிசையில் இடம் பிடியுங்கள்.

வியன்னா போய்ச் சேர்ந்ததும் ஒரு நடனப் பள்ளியில் ஒரு மணி நேரம் குழு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 1919இலிருந்து நடக்கும் எல்மாயர் பள்ளி நகர மையத்திலேயே இருக்கிறது, வேறு பள்ளிகளும் உண்டு. பருவத்தில் நேரம் கிடைப்பது கடினம், டிசம்பரிலேயே எழுதுங்கள். வெளியூர் வகுப்பில் கற்ற பிடியையும் திசையையும் அவர்கள் ஒரே மணியில் சரிசெய்துவிடுவார்கள்.

தொடக்க நடனக் குழுவில் சேரும் ஆசை இளையவர்களுக்கு வரலாம். அதற்கு வயது வரம்பு, இடப்பக்க வால்ட்ஸ், பல ஒத்திகைகள் எல்லாம் உண்டு. விசா எடுத்துப் போகும் குழுவுக்கு ஒத்துவராது.

7. போக்குவரத்தும் தங்குமிடமும்

சென்னையிலிருந்து வியன்னாவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ போகலாம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். குளிர்காலத்தில் வியன்னா நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே நள்ளிரவு குவாட்ரில் தொடங்கும்போது உங்கள் உடம்புக்கு விடியற்காலை நாலரை. முந்தைய நாள் வந்திறங்கியவர்கள் மேசையில் தலைவைத்துத் தூங்குவார்கள்.

விமான நிலையத்திலிருந்து எஸ்7 என்னும் புறநகர் ரயிலோ, ஓபிபி எனப்படும் ஆஸ்திரிய ரயில்வேயின் நெடுந்தூர ரயிலோ எடுங்கள். தனி விரைவு ரயிலைவிட மிகவும் மலிவு, நேர வித்தியாசம் சில நிமிடங்களே.

அறை எடுக்கும்போது அழகைவிட, விடியற்காலை நான்கு மணிக்கு எப்படித் திரும்புவீர்கள் என்று பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடியவிடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு நின்றுவிடும், இரவுப் பேருந்துகள்தான். பெரிய நடன இரவுகள் பல வியாழக்கிழமை என்பதை மறக்காதீர்கள். நீள உடையில், உறைபனியில் பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியாது. நகர மையமான முதல் வட்டாரத்தில் அறை விலை பயமுறுத்தும். வீன் மிட்டே ரயில் நிலையத்தைச் சுற்றி, அல்லது ராட்ஹவுஸுக்குப் பின்னால் எட்டாம் வட்டாரத்தில் பாருங்கள். டாக்சியில் பத்து நிமிடம், நாலு பேர் பகிர்ந்தால் ஒன்றுமில்லை. அறையில் இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு கண்ணாடி என்றால் மாலை ஐந்து மணிக்கே தகராறு. தலை அலங்காரம் கடையில் செய்வதாக இருந்தால் அதையும் முன்பதிவு செய்யவேண்டும். அன்றைக்கு ஊரே முடி அலங்காரத்துக்கு நிற்கும்.

8. அந்த இரவு

கதவு எட்டு மணி வாக்கில் திறக்கும், தொடக்கம் ஒன்பது மணி வாக்கில். கதவு திறந்ததுமே போங்கள். கோட்டு வைக்கும் வரிசை நீளமானது. அதற்கான கட்டணம் நுழைவுச்சீட்டில் அடங்காத இடத்தில் ஆளுக்குச் சில யூரோ ரொக்கமாக வேண்டும். தொடக்கத்தைப் பார்க்க விரும்புபவர்கள் அரைமணி முன்பே கூடத்தின் ஓரத்தில் நிற்கவேண்டும்.

பெண்களுக்கு வாசலில் ஒரு சின்னப் பரிசு தருவார்கள். வாங்க மறக்காதீர்கள், சில இடங்களில் சீட்டைக் காட்டித் தனி மேசையில் பெறவேண்டும்.

உணவு விஷயத்தில் சைவர்கள் மாலை ஆறு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். உள்ளே விலை அதிகம், தேர்வு குறைவு. குலாஷ் என்பது பொதுவாக மாட்டிறைச்சி, சாசேஜ்கள் பெரும்பாலும் பன்றி. ஆப்ரிகாட் ஜாம் வைத்த ‘கிராப்ஃபன்’ பருவத்தின் பலகாரம், ஆனால் பன்றிக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கமும் உண்டு. கேட்டுச் சாப்பிடுங்கள். மேசைக்கு ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிமுகமில்லாதவர் உங்களை ஆட அழைப்பது அங்கே மரியாதை. விருப்பமில்லை என்றால் புன்னகையோடு மறுக்கலாம். ஆடினால் முடிந்ததும் மேசைவரை கொண்டுவந்து விடுவார். நம் ஆண்களும் அதைச் செய்யவேண்டும், நடுக்கூடத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது.

கைபேசி சத்தத்தில் கேட்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேசைக்கு வந்து தலைகாட்டவேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டாக்சிக்குக் கடைசிப் பாட்டுவரை காத்திருந்தால் கூட்டமாக இருக்கும், கால் மணி முன்னதாகக் கோட்டு எடுத்துக்கொண்டு செயலியில் அழையுங்கள்.

திரும்பும் விமானத்தை மறுநாளே வைக்காதீர்கள். வாடகை டெயில்கோட்டைத் திருப்பித்தர ஒரு வேலைநாள் வேண்டும். ஞாயிறன்று கடை இருக்காது. சனிக்கிழமை இரவு ஆடினால் திங்கட்கிழமை மாலைக்குப் பிறகு கிளம்பும்படி சீட்டு எடுங்கள். தாமதமானால் நாள் கணக்கில் கட்டணம் ஏறும், வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்வார்கள்.